துடிப்பு தப்பும் இதயத்துக்கு என்னென்ன வைத்தியம்: காசு கொடுத்துப் பார்த்தவனின் மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்து போகலாம். என் இதயம் தாளம் தப்ப ஆரம்பித்த பிறகு நான் செலவு செய்தவற்றில், கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரைதான். ஆனால் அதைப் போட்டால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. படபடப்பு குறையாது, மூச்சு வாங்குவது நிற்காது. பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்து என்பதால் நம் பக்கத்து ஆட்கள் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். லட்சக்கணக்கில் செலவு வைக்கும் வைத்தியங்களுக்கு வீட்டில் பேச்சு வார்த்தை நடத்துவார்கள், நகையை வைப்பார்கள். தினம் இரண்டு வேளை மாத்திரைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள்.

நான் தேவகோட்டை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 68. பிரஷர் உண்டு, சர்க்கரை இல்லை. மகள் பி.ஃபார்ம் படித்துவிட்டு காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். இதில் வருகிற மருந்துப் பெயர்களும் ஆய்வுக் கணக்குகளும் அவள் சரிபார்த்துக் கொடுத்தவை. கருத்தெல்லாம் என்னுடையது. மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் வேலை, என் வேலை இல்லை.

எனக்கு இது தெரிய வந்ததே கண்ணால்தான். புரை எடுக்க மதுரைக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் நாடி பிடித்த நர்ஸ் பிடித்த கையை விடவில்லை. இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். அவரும் பிடித்தார். அப்புறம் ஈசிஜி எடுத்தார்கள். "ஐயா, முதலில் இதய டாக்டரைப் பாருங்கள், கண் எங்கேயும் போகாது" என்றார்கள். அதற்கு முன்னால் குன்றக்குடிப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது உண்மைதான். வயதுக்கு வாங்குகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

இந்த நோய்க்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே நிமிஷத்துக்கு 350-க்கு மேல் மின் அலைகள் கிளம்புகின்றன. எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால், பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் விசில் கொடுத்தால் வண்டி ஒழுங்காக நிற்கும், கிளம்பும். ஏறிய பயணிகள் எல்லாரும் ஆளுக்கொரு விசிலை வாயில் வைத்து ஊதினால் டிரைவர் எதைக் கேட்பார்? கேட்டவரைக்கும் கேட்டு, விட்டுவிட்டு ஓட்டுவார். கீழ் அறைகள் அப்படித்தான் தாறுமாறாகத் துடிக்கின்றன. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு துடிப்பு சேர்ந்து வரும், ஒன்று காணாமல் போகும், அடுத்தது வலுவாக வரும், அதற்கு அடுத்தது லேசாக. எந்த ஒழுங்கும் இருக்காது. இதை எண்ணும்போது ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பான கணக்கு வரும்.

நடுக்கம் மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. மேல் இடது அறையின் ஓரத்தில் சிறு பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைப் போல் சுமார் 5 மடங்கு. வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம் இப்படி உருவாகும் கட்டிகளில் 10-க்கு 9 அந்தச் சின்னப் பையில்தான் உருவாகின்றன. அதனால் வைத்தியத்தில் இரண்டு தனித்தனிக் கணக்கு இருக்கிறது: ஒன்று துடிப்புக்கு, இன்னொன்று கட்டிக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

நான் முதலில் போன கிளினிக் அப்படித்தான் குழப்பியது. பெயர் வேண்டாம். "வயசானா துடிப்பு முன்னப்பின்னதான் இருக்கும்" என்று சொல்லி, தினம் ஒரு ஆஸ்பிரின், கூட ஒரு சத்து மாத்திரை. மகள் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. அந்தச் சத்து மாத்திரையை விட்டுத் தள்ளலாம், ஆஸ்பிரின்தான் அவளுக்குப் பிரச்சினை. 2011-இல் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. ஏஎஃப் நோயாளிகளில் ஒரு பகுதிக்கு ஆஸ்பிரின், இன்னொரு பகுதிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரையான அபிக்ஸபான் கொடுத்துப் பார்த்தார்கள். அபிக்ஸபான் போட்டவர்களிடம் பக்கவாதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய ரத்தப்போக்கோ இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது ஆஸ்பிரின் பாதுகாப்பும் குறைவு, ஆபத்திலும் பெரிய லாபமில்லை. இந்த நோயில் கட்டியைத் தடுக்க மட்டும் ஆஸ்பிரின் கொடுப்பது பழைய வழக்கம். இன்னும் நம் பக்கம் நடக்கிறது.

அடுத்துப் பார்த்த டாக்டர் காரைக்குடியில், இளைஞர். அவரிடம் எனக்குப் பிடித்தது, பக்கவாத ஆபத்து எவ்வளவு என்று தாள் எடுத்துப் போட்டுக் காட்டிய மதிப்பெண் கணக்கு. இதயம் பலவீனம் என்றால் 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, ரத்தக்குழாய் அடைப்பு 1, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2, வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆனால் 2. எனக்கு வயதுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. "ரெண்டு வந்தாச்சு ஐயா. படபடப்பு இருக்கோ இல்லையோ, மாத்திரை உண்டு" என்றார். பெண்களுக்கு அதிகமாக ஒரு மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தது. 2024-இல் ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் கணக்கு பார்த்தே வயதானவனுக்கு இப்படிக் கூட்டிக் காட்டினால் போதும், நம்பிக்கை வந்துவிடும். வயசானா அப்படித்தான் என்று சொன்னால் வராது.

மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு முதலில் கொடுத்தது டாபிகாட்ரான். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்செரிச்சல். இது பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய தொல்லை, எனக்கு மட்டும் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கேப்சூலைப் பிரிக்கக் கூடாது, உடைத்துத் தண்ணீரில் கரைக்கக் கூடாது, அட்டையிலிருந்து எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது, ஈரம் பட்டால் கெடும். வாரத்துக்கு மாத்திரை பிரித்து வைக்கிற டப்பா ஒன்றை மகன் சிங்கப்பூரிலிருந்து ஆசையாக அனுப்பியிருந்தான். அது கிராம்பு ஏலக்காய் போட உதவுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும், மருந்தின் பெரும்பங்கு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

டாக்டரிடம் சொல்லி அபிக்ஸபான் 5 மில்லிகிராமுக்கு மாறினேன். காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். எரிச்சல் இல்லை. இதே வேலைக்கான பழைய மருந்தான வார்ஃபரினோடு ஒப்பிட்டு 18,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஆய்வில் பக்கவாதமும் குறைந்தது, ரத்தப்போக்கும் குறைந்தது, இறப்பும் குறைந்தது. மூன்றும் ஒரே பக்கம் இறங்குவது அபூர்வம் என்றாள் மகள். குறை என்று சொன்னால் இரவு மாத்திரைதான். கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பினால் மறக்கத் தோன்றும். ஞாபகம் வந்ததும் அன்றைக்குள் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. தினம் ஒருவேளை போதும் என்பவர்களுக்கு ரிவரோக்ஸபான் இருக்கிறது. ஆனால் அதை வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது, இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டும். ராத்திரி இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஒரே மருந்து பல கம்பெனியில் வருகிறது. விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பெரிய பெயர் உள்ள அட்டைக்குக் கொடுப்பதில் பாதிக்கும் குறைவாக ஜெனரிக் கிடைத்தது. மகள் கடையிலேயே வாங்கினாலும் எனக்குத் தள்ளுபடி கிடையாது, அது வேறு கதை.

ரத்தம் இளகினால் என்ன ஆகும் என்று பயப்படுபவர்களுக்கு: சவரம் செய்யும்போது கீறினால் பஞ்சை அழுத்திக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கிறது. பல் தேய்த்தால் எப்போதாவது சிவப்பு தெரியும். நான் பட்டது இவ்வளவுதான். உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. மூட்டு வலிக்குப் பக்கத்து வீட்டில் கொடுக்கிற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென். இவை இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். கறுப்பாகத் தார் மாதிரி மலம் போனால் காத்திருக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் ஊசி போடப் போனாலும் முதல் வார்த்தை இந்த மாத்திரையாக இருக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாருக்கும் இந்தப் புது மாத்திரை ஆகாது என்பதற்கு என் கொழுந்தியாள் சாட்சி. கண்டனூரில் இருக்கிறாள். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போனது. அவளுக்கும் ஏஎஃப் உண்டு. எனக்கு மாத்திரை மாற்றியதும் "அத்தான், எனக்கும் அதையே எழுதித் தரச் சொல்லுங்க, மாசாமாசம் ஊசி குத்த முடியலை" என்றாள். டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு ஏஎஃப் வந்தவர்களில் 4,500-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அதில் ரிவரோக்ஸபான் போட்டவர்களைவிட பழைய மருந்து போட்டவர்களே நன்றாக இருந்தார்கள், இறப்பும் அவர்களிடம்தான் குறைவு. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் பழைய மருந்துதான். புதியது என்பதாலேயே நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

அவள் போடுவது அசிட்ரோம், வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அந்தப் பழைய மருந்துதான். கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சின்ன மாத்திரை. விலை மலிவு. ஆனால் அதன் கூடவே ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை வரும். அந்த எண் பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் கட்டி, மூன்றைத் தாண்டி மேலே போகப் போக ரத்தப்போக்கு. இந்தப் பரிசோதனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் ஒரு லேபுக்குப் போவது என் வேலை. அந்த லேபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டின் முன்பகுதி. ரத்தம் எடுக்கிற பெண் கொழுந்தியாளை "ஆச்சி" என்றுதான் கூப்பிடும். நீலத் தொப்பிக் குழாயை எடுத்து, கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பினால்தான் விடும். ஒரு தடவை கொஞ்சம் குறைவாக வந்தது. கொழுந்தியாள் "இது போதும் தாயி" என்று கெஞ்சினாள். "கோட்டுக்குக் கீழே இருந்தா ரிசல்ட் கூடக் காட்டும் ஆச்சி, டாக்டர் மாத்திரையைக் குறைச்சிருவாரு" என்று சொல்லி மறுபடி குத்தியது. அந்தக் குழாயில் உறையாமல் இருக்க ஏற்கெனவே அளவாக ஒரு திரவம் இருக்கிறது, ரத்தம் குறைந்தால் விகிதம் தப்பும். இதை வாயைத் திறந்து சொல்கிற லேபை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் எண் போனுக்கு வந்துவிடும், போன தடவை எவ்வளவு என்பதும் பக்கத்தில் இருக்கும். உட்கார இடம் போதாது, மின்விசிறி ஒன்றுதான், பெண்களுக்குக் கழிப்பறை வசதி மோசம். இருந்தாலும் போகிறோம்.

அசிட்ரோம் போடுபவர்களிடம் கீரையே தொடாதே என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அதுவும் சரியில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையை மட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரைப் பொரியல் என்றால் வாராவாரம் அப்படியே இருக்கட்டும், டாக்டர் அதற்கு ஏற்ப அளவு வைப்பார். ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்து, அடுத்த வாரம் மூன்று வேளையும் கீரை தின்றால்தான் எண் குதிக்கும். நாட்டு மருந்து, ஆன்டிபயாடிக், தாளத்துக்குக் கொடுக்கிற அமியோடரோன் எல்லாமே இந்த எண்ணைக் கலைக்கும்.

கட்டிக் கணக்கு முடிந்தது. இனி துடிப்புக் கணக்கு.

இதில் எளிய வழி வேகத்தை மட்டும் குறைப்பது. தாளம் தப்பினால் தப்பட்டும், ஓட்டம் மெதுவாகட்டும். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், இல்லையென்றால் டில்டியாசெம். சிலருக்கு டிஜாக்சின். சும்மா இருக்கும்போது 110-க்குக் கீழே இருந்து, தொல்லை ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. எனக்கு மெட்டோப்ரோலால் கொடுத்தார்கள். துடிப்பு 130-இலிருந்து 80-க்கு வந்தது. கூடவே ஒரு சோர்வும் வந்தது. மத்தியானம் சாய்ந்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தேன். மலிவு, எங்கும் கிடைக்கும், படுத்துகிற அளவுக்குக் கெடுதல் இல்லை. வயதானவர்கள் பலருக்கு இதோடு ரத்த மாத்திரையும், அதாவது ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவதையும், சேர்த்தால் வைத்தியம் முடிந்தது. வேகத்தைக் குறைப்பதா, தாளத்தை மீட்பதா என்று 2002-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது உயிர் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் 2020-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள் தாளத்தை மீட்க முயன்றால் பக்கவாதமும் இதய நோய்ச் சாவும் குறைகிறது என்று காட்டியது. அதனால் காலம் ஓடிவிடுவதற்கு முன் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. எனக்கோ மெட்டோப்ரோலாலுக்குப் பிறகும் குன்றக்குடிப் படியில் பாதியில் உட்கார வேண்டியிருந்தது.

சரி, ஷாக். நெஞ்சில் மின்சாரம் கொடுத்துத் தாளத்தை மீட்பது. பெயரைக் கேட்டு என் மனைவி அழுதாள். உண்மையில் நான் பார்த்த வைத்தியங்களில் இதுதான் சீக்கிரம் முடிந்தது. 1962-இலிருந்து செய்கிறார்கள். ஆனால் அவசரப்பட்டு அன்றைக்கே செய்யக் கூடாது. மூன்று வாரமாவது ரத்த மாத்திரை தவறாமல் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டை வழியாக எக்கோ பார்த்து உள்ளே கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கட்டி இருக்கும்போது தாளம் திரும்பினால் அது பெயர்ந்துவிடும். ஷாக்குக்குப் பிறகும் நாலு வாரம் மாத்திரை கட்டாயம். என் நெஞ்சு முடியை மழித்து, முன்னால் ஒன்று முதுகில் ஒன்று என்று பட்டையை ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள். நர்ஸிடம் எந்த ஊர் என்று கேட்டேன், பதில் காதில் விழவில்லை. முழித்தபோது "முடிஞ்சது ஐயா" என்றார்கள். திரையில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் வெயில் பட்ட மாதிரி இரண்டு நாள் சிவப்பு. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது தெரிந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. குறை என்னவென்றால் நிலைக்கவில்லை. நிலைக்கட்டும் என்று அமியோடரோன் கொடுத்தார்கள். வலுவான மருந்து. தைராய்டு, நுரையீரல், கல்லீரல், கண் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். போடுகிறவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். வெயில் பட்டால் தோல் எரியும், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் இந்த மருந்தோடு நடப்பது தண்டனை. பலருக்கு உயிர் காக்கும் மருந்துதான், மறுக்கவில்லை. எனக்கு ஒத்துவரவில்லை. சில மாதத்தில் பழைய நடுக்கம் திரும்பியது.

அப்புறம்தான் அப்லேஷன். இதற்கு மூலம் பிரான்ஸின் போர்டோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசாகேர் குழு 1998-இல் கண்டது. நடுக்கத்தைத் தூண்டும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயில் கிளம்புகிறது என்று காட்டினார்கள். அந்த வாயைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ தழும்பு போட்டுவிட்டால் மின்சாரம் தாண்டாது. இப்போது மின் துடிப்பு கொடுத்துச் செய்கிற மூன்றாவது முறையும் வந்திருக்கிறது. சுற்றியுள்ள உணவுக்குழாயையும் நரம்பையும் அது அவ்வளவாகத் தொடுவதில்லை என்கிறார்கள். எனக்குச் செய்தது சூடு வைக்கிற முறை.

மதுரையில் இரண்டு ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ஒன்றில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் காகிதம் நீட்டினார்கள். "இதைச் செய்துவிட்டால் மாத்திரையே வேண்டாம்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எழுந்து வந்தேன். மறு ஆஸ்பத்திரியின் டாக்டர் எனக்காகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கினார். ஒரே தடவையில் தீராமல் போகலாம், சிலருக்கு இரண்டாவது தடவை வேண்டியிருக்கும் என்றார். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, பக்கவாதம், மிக அரிதாக உணவுக்குழாயில் ஓட்டை என்று ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார். "மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டேன். "உங்கள் மதிப்பெண் குறையப் போகிறதா என்ன? வயசு கூடத்தான் போகிறது" என்றார். இவரிடம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. கொடுத்தது நான்கு லட்சத்தை ஒட்டி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எது அடங்கும், எது அடங்காது என்பதை ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

தொடை இடுக்கில் ஊசித் துளை. மயக்கத்தில் இருந்ததால் உள்ளே நடந்தது தெரியாது. கஷ்டம் அப்புறம்தான். காலை மடக்காமல் மல்லாந்தே பல மணி நேரம் கிடக்க வேண்டும். முதுகு வலி என்றால் அப்படி ஒரு வலி. மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடி வரை நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் புதுக்கோட்டைக்காரர், மீன் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், அது கொஞ்சம் உதவியது. படுக்கையைச் சரிசெய்ய மணி அடித்தால் ஆள் வர நேரமாகிறது. இரவு உணவு என்று ஒரு ரவா கஞ்சி வந்தது, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்றாவது வாரத்தில் நடுக்கம் திரும்பியது. நாலு லட்சம் தண்ணீரில் போயிற்று என்று வீடே இருண்டது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், சுட்ட இடம் ஆறும் வரை முதல் இரண்டு மூன்று மாதம் இப்படி வந்து போகும், அதைத் தோல்வியாக எண்ணக் கூடாது என்று. அப்படியே அடங்கியது. இப்போது குன்றக்குடி மலைமேல் உட்காராமல் ஏறிவிடுகிறேன், அவசரப்படாமல். மூச்சு வாங்குவதற்காக, படபடப்புக்காக என்றால் அப்லேஷன் மதிப்பானது. தொல்லையே இல்லாத 80 வயதுக்காரரை மகன்கள் இழுத்துக்கொண்டு போனால் எனக்குச் சம்மதமில்லை. அபிக்ஸபான் இன்றும் இரண்டு வேளை.

மெஷின்கள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பிரஷர் பார்க்கிற எந்திரத்தில் துடிப்பு தப்பினால் இதயப் படம் மினுக்கும். அது ஒரு சந்தேகக் குறிதான், உறுதி இல்லை. ஏஎஃப் இருக்கும்போது அந்த எந்திரம் காட்டும் பிரஷர் எண்ணும் முன்னப்பின்ன இருக்கும், இரண்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தில் ஈசிஜி எடுக்கலாம். டாக்டருக்கு அனுப்ப வசதி. ஆனால் முதல் மாதம் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பார்த்தேன் என்று மனைவியைக் கேளுங்கள். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. மெதுவாகத் துடித்து மயக்கம் வருபவர்களுக்கு வைக்கிற பேஸ்மேக்கர் தனிச் சாமான், அதை ஏஎஃப் மருந்து என்று நினைத்துப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

காசில்லாத வைத்தியமும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. பிரஷர், எடை, குறட்டை, குடி. குடிப்பழக்கம் உள்ள ஏஎஃப் நோயாளிகள் 140 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2020-இல் வந்தது, குடியை விட்டவர்களுக்கு நடுக்கம் திரும்புவது குறைந்தது. எங்கள் பக்கத்தில் உப்புக்கண்டமும் வற்றல் மண்டியும் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மனைவி இப்போது அரிசி கழுவிய மண்டியில் புளிப்பைக் கூட்டி உப்பைக் குறைத்திருக்கிறாள். நாக்கு பத்து நாளில் பழகிக்கொண்டது, கோபம் இன்னும் அடங்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பெண் வரும்போது நாடியையும் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, நானே செய்துகொள்ளாதது. என்னோடு ஒரே வண்டியில் பல வருஷம் ஓடிய டிரைவர் அண்ணன் பள்ளத்தூரில் இருக்கிறார், வயது 79. அவருக்கும் ஏஎஃப். ரத்த மாத்திரையில் இருக்கும்போது வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது அந்தச் சின்னப் பையின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாம் என்கிறார்கள். வாட்ச்மேன் என்று ஒரு சாதனம், அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. தொடை வழியாகவே கொண்டுபோய் வைப்பது. நீண்ட நாள் மாத்திரை தாங்காதவர்களுக்கென்று வந்தது, மாத்திரை போடச் சோம்பல்படுபவர்களுக்கு இல்லை. வைத்த பிறகும் கொஞ்ச காலம் ஏதாவது ஒரு ரத்த மாத்திரை வேண்டியிருக்கும், அதை அவர் வயிறு தாங்குமா என்பதுதான் கேள்வி. "ஏய், நீயே வந்து கேளு, எனக்கு அங்க போனா வாய் வராது" என்கிறார் அண்ணன். வயிற்று டாக்டரும் இதய டாக்டரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் முன்பணம் கட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம். அபிக்ஸபானில் 80 வயது, 60 கிலோவுக்குள் எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். அண்ணன் 56 கிலோதான், அடுத்த தையில் 80. மூடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பாதி அளவு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும்.